இரவல் குரல்

தாடையைக் கட்டத் துணி எடுத்து வருகிறேன் என்று போன அலோசியஸ் மாமா, போனவர் போனவர்தான். அம்மாவின் வாய் திறந்துகொள்ளாமல் இருக்க, பிரியந்தி இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிப் பிடித்தபடி கட்டிலோரம் குந்தியிருந்தாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா சுவர்த்தட்டில் சாய்த்து வைத்திருந்த போன் வெளிச்சம் போட்டு அதிர வேண்டும்.

அக்காதான். மெரினா தினமும் காலையில் கொழும்பிலிருந்து வீடியோவில் வருவாள். அம்மா தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவாள், அவளும் அங்கிருந்து ஒரு கோப்பையைத் தூக்கிக் காட்டுவாள். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பெரிய பேச்சு எதுவும் கிடையாது, ஆனால் அது இல்லாமல் ஒரு நாளும் விடியாது.

போனை எடுக்கக் கை வேண்டும். எடுத்தாலும் விஷயத்தைச் சொல்லக் கை வேண்டும். மெரினாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளிடம் எதைச் சொல்வதானாலும் கையால்தான் சொல்லியாக வேண்டும். பிரியந்தியின் கை இரண்டும் அம்மாவின் தாடையில் இருந்தன. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

மாமா வந்து சேர்ந்தார். துணி இல்லை, கூடவே மரணச் சங்கத்துத் தலைவர் இருந்தார். பிரியந்தி வாய் திறப்பதற்குள் மாமா போனை எடுத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தி, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கத்தினார்.

“மெரினா! அம்மா போயிட்டாங்கம்மா! நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்கம்மா!”

மாமா தோட்டத்துச் சர்ச்சில் உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் சொல்லிச் சொல்லிப் பழகிய தொண்டை. லயத்து வீட்டு வரிசையின் கடைசி வீட்டு நாய் பதறிக்கொண்டு குரைத்தது. கேட்க வேண்டியவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

“மாமா, கத்தாதீங்க. அக்காவுக்குக் கேக்காதுன்னு தெரியாதா?”

“தெரியும் புள்ள. அதுக்காகப் பெத்த தாய் செத்ததச் சொல்லாம இருக்க ஏலுமா?”

“சொல்லத்தான் வேணும். உங்க மீசைய இல்ல அவளுக்குக் காட்டிக்கிட்டு இருக்கீங்க. போனை இந்தப் பக்கம் திருப்புங்க.”

அவர் திருப்பினார். சின்னத் திரையில் மெரினா இருந்தாள், கையில் கோப்பையோடு. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அதைத் தாங்கியிருந்த தங்கையின் இரண்டு கைகளைப் பார்த்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு தன் தாடையின் கீழ் கையை வைத்து, இன்னும் கொஞ்சம் மேலே பிடி என்று காட்டினாள். அப்புறம்தான் வருகிறேன் என்று காட்டினாள். திரை இருண்டது.

பிரியந்தி தாடையைக் கொஞ்சம் மேலே தூக்கினாள். அழுதால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அழுதால் கை நடுங்கும், கை நடுங்கினால் அம்மாவின் வாய் திறந்துகொள்ளும். அதனால் அழவில்லை. மாமா துணியை மறந்துவிட்டு வாசல் இஸ்தோப்பில் நின்று தலைவரோடு ஆட்கள் உட்காரக் கதிரைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் பெட்டி வந்துவிட்டது. வட்டவளை ரோட்டிலிருந்து லயம் வரைக்கும் வெள்ளைக்கொடி கட்டிவிட்டார்கள். லயத்து முகப்பில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர் ஏறியது. மாமாவின் மகன் நிதுஷன் ஏற்பாடு. அவன் ஓட்டோ ஓட்டுகிறவன், கல்யாணமோ சாவோ எதுவானாலும் ஸ்பீக்கர் செட்டும் அவனுடையதுதான். ‘நடிகை மெரினாவின் அன்புத் தாயார் பவுலின் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டு, ஏதோ விருது விழாவில் மெரினா சேலையோடு நிற்கிற படத்தைப் பேனர் முழுக்கப் பரப்பியிருந்தான். செத்துப்போன அம்மா கீழ் மூலையில், செபமாலை வளையத்துக்குள், முத்திரை அளவில் இருந்தாள்.

“இது யாரு சாவுன்னு பாக்குறவங்க நெனைப்பாங்க நிதுஷன்?”

“அக்கா படம் இருந்தாத்தானே ஜனம் வரும்.”

“சரி. அம்மாவோட இருந்து பீ மூத்திரம் அள்ளுனது நானு. என் பேரு எங்க?”

அவன் பேனரின் கால்மாட்டைக் காட்டினான். “மற்றும் குடும்பத்தினர்னு போட்டிருக்கேன்ல.”

சிரிப்புதான் வந்தது அவளுக்கு. இது ஒன்றும் புதிதில்லை. மெரினாவின் கூட்டங்களில் மெரினாவுக்குப் பொன்னாடை போடுவார்கள். பக்கத்தில் மைக்கோடு நின்று அவள் கையைப் பார்த்துப் பார்த்துத் தொண்டை வறளப் பேசுகிற பிரியந்திக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொடுப்பார்கள். அதையும் சிலர் மறந்துவிடுவார்கள்.

நிதுஷன் போகாமல் நின்றான். வயரைச் சுருட்டினான், பிரித்தான்.

“என்னா?”

“இல்ல, அத்தை எங்கிட்ட ஒண்ணு சொல்லிருந்தாங்க. மண்ணு போடுற நேரத்துல படத்துல அக்கா கத்துற அந்த ‘அம்மா’ இருக்குல்ல, அத ஸ்பீக்கர்ல போடணும்னு. எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க.”

பிரியந்தி அவனையே பார்த்தாள். அம்மாவா சொன்னாள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அம்மா சொல்லியிருப்பாள்.

அந்தப் படம்தான் மெரினாவின் முதல் படம். செவிப்புலனற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் அவள் நாடகம் போட்டதைப் பார்த்துவிட்டு, கொழும்பு டைரக்டர் ஒருவர் கூட்டிப் போனார். கொழுந்து பறிக்கிறவளின் ஊமை மகளாக நடித்தாள். கடைசிக் காட்சியில் தாய் செத்துக் கிடப்பாள். அந்த அதிர்ச்சியில் ஊமைப்பெண்ணுக்குக் குரல் வந்துவிடும். மலையே எதிரொலிக்க ‘அம்மா’ என்று கத்துவாள். வாயைப் பெரிதாகத் திறந்து அழு என்று மட்டும்தான் டைரக்டர் மெரினாவிடம் சொல்லியிருந்தார். அவளும் திறந்து அழுதாள். பிறகு ஸ்டூடியோவில், இவர்கள் யாரும் கண்ணால்கூடக் கண்டிராத ஒரு பெண் வந்து, அந்த வாய்க்குள் ‘அம்மா’வைப் போட்டுவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஹட்டன் தியேட்டருக்குத் தோட்டமே லொறி கட்டிக்கொண்டு போனது. அந்த இடம் வந்ததும் ஜனம் தேம்பியது. நடுவில் உட்கார்ந்திருந்த மெரினா மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எதற்கு எல்லாரும் அழுகிறார்கள் என்று தங்கையைக் கேட்டாள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிரியந்தி சொன்னாள். மெரினா எழுந்து வெளியே போனவள்தான், படம் முடிகிற வரைக்கும் கடலை வண்டிக்குப் பக்கத்தில் மழையில் நின்றாள்.

அதற்குப் பிறகு வந்த கதைகளிலெல்லாம் ஊமைப்பெண் கடைசியில் பேசினாள், இல்லாவிட்டால் செத்தாள். ஏன், அவள் பேசாமலே, சாகாமலே, பஸ் ஏறி வீட்டுக்குப் போனால் உங்கள் படம் ஓடாதா என்று மெரினா கேட்டாள். கேட்கக் கேட்க வாய்ப்புகள் குறைந்தன. காது கேட்கிற நடிகைகள் கண்ணை உருட்டிக் கையை ஆட்டி அதே வேடங்களைச் செய்து விருது வாங்கினார்கள். இவள் தன் கூட்டாளிகளோடு டிவி நிலையங்களின் வாசலில் போர்டு பிடித்து நின்றாள். காது கேளாதவர் வேடத்தை அவர்களுக்கே கொடு, செய்திக்குச் சைகை மொழி போடு, மண்சரிவு வரும்போது ஸ்பீக்கரில் எச்சரித்தால் எங்களுக்கு எப்படித் தெரியும். இவ்வளவு கத்தியதற்கு ஒரே ஒரு சேனலில், இரவுச் செய்தியின் மூலையில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு பெட்டி கிடைத்தது. போகிற இடமெல்லாம் ஜனம் அவளைக் கண்டால் கேட்பது மட்டும் ஒன்றுதான்: அந்த ‘அம்மா’ கத்தின புள்ளதானே இது?

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. மெரினா சொல்வது நியாயம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஆனால் பொழுது சாய்ந்தால் போனைக் காதோடு வைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் போடச் சொல்வாள். பார்க்கக்கூட மாட்டாள், கேட்பாள்.

“அக்காகிட்ட சொல்லிறாத புள்ள. கோவிச்சுக்குவா.”

“அது அக்கா இல்லம்மா. யாரோ ஒரு பொம்பளை.”

“தெரியும். எனக்கென்னா பைத்தியமா? தெரிஞ்சுதான் கேக்குறேன்.”

அடுப்படியிலிருந்து பிரியந்தி, அம்மா, சாப்பிட வாங்க என்று கூப்பிடுவாள். இரு, இது முடியட்டும் என்று அம்மா கையைக் காட்டுவாள். ஒரு நாளைக்கு எத்தனை ‘அம்மா’ போடுகிறோம், ஒன்றையாவது இவள் இப்படிக் காதைச் சாய்த்துக் கேட்டிருக்கிறாளா என்று பிரியந்திக்குத் தோன்றும். தோன்றியதுமே தன்மேல் எரிச்சலாக வரும். சோறு ஆறிப் போகும்.

“போடக் கூடாது,” என்றாள் நிதுஷனிடம். “அக்கா வந்துக்கிட்டு இருக்கா. அவ இருக்கிறப்ப அதப் போடக் கூடாது.”

“அக்காவுக்குத்தான் கேக்காதே. போட்டா என்னா தெரியவா போகுது?”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

நாலு மணி மழையில் மெரினா வேனிலிருந்து இறங்கினாள். குடை பிடிக்க நாலு பேர் ஓடினார்கள், படம் பிடிக்க நாற்பது பேர் ஓடினார்கள். பெட்டியைச் சுற்றி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று ஓய்ந்து வழிவிட்டார்கள். போன்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எதற்காக நிற்கிறது என்று பிரியந்திக்குத் தெரிந்தது. படத்தில் பார்த்ததை நேரில் பார்க்க நின்றது.

மெரினா பெட்டிக்குள் குனிந்து அம்மாவின் நெற்றியைத் தொட்டாள். கொழுந்துக் கூடையின் கயிறு பதிந்து பதிந்து அங்கே ஒரு பள்ளம் உண்டு, அதன்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். பிறகு அழுதாள். அவள் அழுகைக்கென்று ஒரு சத்தம் இருந்தது. அடித்தொண்டையிலிருந்து, கரகரவென்று, ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல் வந்தது. அது ‘அம்மா’வும் இல்லை, வேறு எந்தச் சொல்லும் இல்லை. கேட்டவர்கள் சங்கடப்பட்டுத் தரையைப் பார்த்தார்கள். ஒரு கிழவி தன் பேரனின் போனைத் தட்டிக் கீழே இறக்கினாள். மாமா அவசரமாக “அருள் நிறைந்த மரியே” என்று உரத்த குரலில் தொடங்க, எல்லாரும் நிம்மதியாக அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மெரினா கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையின் பக்கம் திரும்பினாள்.

“எப்படிப் போனாங்க? கடைசியா என்னா கேட்டாங்க? முழுசாச் சொல்லு,” என்றன கைகள்.

பிரியந்தி கையை உயர்த்தினாள். சீனி முடிந்துவிட்டது என்று ஒருத்தி வந்தாள். அலுமாரியைத் திறக்கத் திறப்பு எங்கே என்று இன்னொருத்தி வந்தாள். சாமியார் லைனில் இருக்கிறார் என்று மாமா போனை நீட்டினார். அப்புறம் சொல்கிறேன் என்று பிரியந்தி காட்டினாள். திரும்பி வந்தால், மெரினாவோடு படம் எடுக்க வந்த ஒரு குடும்பம், அக்காவை எங்கள் பிள்ளையின் தோளில் கை போடச் சொல்லுங்கள் என்று இவளைக் கேட்டது. மெரினா மறுபடி கேட்டாள். அப்புறம் என்று மறுபடி காட்டினாள். வேலை இருந்தது உண்மைதான். ஆனால் வேலை இல்லாவிட்டாலும் அதையேதான் காட்டியிருப்பாள். அம்மா கடைசியாகக் கேட்டது எது என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ராத்திரி செபத்திலும் தேத்தண்ணியிலும் கழிந்தது. விடிந்ததும் அடுப்படியில் கேத்தலை வைத்துக்கொண்டிருந்தவளின் தோளைப் பிடித்து மெரினா திருப்பினாள். கதவை உட்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“இப்ப சொல்லு. அப்புறம்னு இன்னொரு தடவை கையக் காட்டுனா முறிச்சிருவேன். வீட்டுல சிரிச்சா ஏன்னு கேப்பேன், அப்புறம்னு சொல்லுவீங்க. அழுதா ஏன்னு கேப்பேன், அப்புறம்னு சொல்லுவீங்க. அப்பா செத்தப்ப மூணு நாள் கழிச்சுத்தான் என்னா நோவுன்னே எனக்குத் தெரிஞ்சுது. ஊரெல்லாம் போய் இதத்தான் நான் பேசுறேன். நீதான் அத வாயால சொல்லுற. நீயே எனக்கு இதச் செய்யிறியா?”

பிரியந்தி கேத்தலை இறக்கி வைத்தாள். கையை உடுத்தியிருந்த சீத்தையில் துடைத்துக்கொண்டு சொன்னாள். சாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மாவுக்கு நாக்கு புரளவில்லை, போனைக் காட்டினாள். அந்தக் காட்சியைத்தான் கேட்டாள். போட்டுக் காதில் வைத்தேன். கேட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, தினமும் கேட்பாள். மண் போடும்போதும் அதைப் போட வேண்டும் என்று நிதுஷனிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

மெரினா மேடையில், திரையில் எத்தனையோ முகங்களைச் செய்கிறவள், இப்போது அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

“அது நான் இல்லைன்னு அம்மாவுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான் கேக்குறேன்னு சொல்லுவாங்க.”

“சின்னதுல நான் கத்துனா என் வாயப் பொத்துவாங்க. பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்கும், சிரிப்பாங்கன்னு. பள்ளிக்கூடத்துல இருந்து லீவுக்கு வந்தா மொதல்ல அதத்தான் சொல்லுவாங்க, சத்தம் போடாதன்னு. என் சத்தம் வேணாம். முகம் தெரியாத அவ சத்தம் வேணும். அப்படித்தானே?”

உனக்காவது இரவல் குரல் ஒன்று இருந்தது, அதை அம்மா காதில் வைத்துக் கேட்டாள், பக்கத்திலேயே நின்று கூப்பிட்ட குரலை அவள் ஒரு நாளும் கேட்கவில்லை என்று பிரியந்தி சொல்ல நினைத்தாள். கை எழவில்லை. சாவு வீட்டில் கணக்குப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருந்தது.

“போடக் கூடாது,” என்றாள் மெரினா.

“அம்மா ஆசைக்கா அது.”

“நான் உசிரோட முன்னால நிக்கிறேன். எனக்குப் பதிலா அவ எதுக்கு அழணும்? அம்மாவுக்குச் சொல்ல வேண்டியத நான் சொல்லுவேன். குழிகிட்ட நின்னு என் கையால சொல்லுவேன். நீ வாயால சொல்லு. ஊர் கேக்கட்டும். ஒரு நாளைக்காவது, நான் சொன்னத நான் சொன்னதாக் கேக்கட்டும்.”

பிரியந்தி வெளியே வந்து நிதுஷனிடம் சொன்னாள். மாமாவிடமும் சொன்னாள். மாமா உதட்டைப் பிதுக்கினார். செத்தவளின் ஆசையை நிறைவேற்றாவிட்டால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது என்று கேட்டார். நான் சுமக்கிறேன், மற்றதெல்லாம் நான்தானே சுமக்கிறேன் என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார். மாமா தலையாட்டினால் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம் இல்லை என்பது அவளுக்கு அப்போது நினைவில் இல்லை.

கல்லறைத் தோட்டம் தேயிலை மலைக்கு மேலே, சவுக்கு மரங்களுக்கு நடுவில் இருந்தது. பெட்டியை ஏற்றுவதற்குள் தூக்கியவர்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. சாமியார் செபம் முடித்துத் தீர்த்தம் தெளித்தார். பெட்டி கயிற்றில் இறங்கியது. மெரினா குழியின் தலைமாட்டில் போய் நின்றாள். அவள் கை தெரிய வேண்டும் என்பதற்காகப் பிரியந்தி கால்மாட்டில், மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா இருந்தாள்.

மெரினாவின் கைகள் எழுந்தன. பிரியந்தியின் குரல் ஸ்பீக்கரில் மலை முழுக்கப் போனது.

“எங்கம்மா கொழுந்து எடுத்துட்டு மலையில இருந்து இறங்கி வருவாங்க. எல்லாப் பொம்பளைகளும் ஒரே மாதிரி இடுப்புல படங்கு கட்டியிருப்பாங்க, ஒரே மாதிரி கூடை போட்டிருப்பாங்க. ஆனா எங்கம்மாவ நான் தூரத்துலயே கண்டுபிடிச்சிருவேன். மத்தப் புள்ளைங்க ஓடிப் போய் கூப்பிடுவாங்க. எனக்குக் கூப்பிடத் தெரியாது. நான் பாறை மேல ஏறி நின்னு லேஞ்சித் துணிய ஆட்டுவேன். அம்மா நிமிந்து பாக்குற வரைக்கும் ஆட்டிக்கிட்டே இருப்பேன். அம்மா நிமிந்து பாத்தாங்கன்னா—”

மெரினாவின் கை அடுத்த சொல்லுக்கு உயர்ந்தபோது, ஸ்பீக்கர் பிளந்தது.

‘அம்மா!’

எத்தனையோ தரம் கேட்டுச் சலித்த குரல். போனில் கொசு மாதிரி ஒலித்தது, இப்போது எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. கூட்டம் அப்படியே உடைந்தது. பெண்கள் தலையிலும் மாரிலும் அடித்துக்கொண்டார்கள். ஆம்பிளைகள் தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். எல்லாரும் மெரினாவையே பார்த்து அழுதார்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மாமா கைகூப்பி நின்றார். நிதுஷன் குனிந்த தலை நிமிராமல் போனைத் தட்டினான். ‘அம்மா!’ மறுபடியும்.

மெரினாவின் கை பாதியில் நின்றது. தான் இன்னும் சொல்லாத ஒன்றுக்கு ஜனம் அழுவதை அவள் பார்த்தாள். இந்த முகங்களை அவள் ஹட்டன் தியேட்டரில் ஏற்கெனவே பார்த்தவள்.

“போட்டுட்டாங்களா?”

ஒன்றுமில்லை என்று காட்டியிருக்கலாம். மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு பிரியந்தி சொன்னாள்: “போட்டுட்டாங்க.”

“சொல்லு. அது நான் இல்லைன்னு சொல்லு.”

“அது அக்கா இல்ல,” என்றாள் மைக்கில். சத்தம் வரவில்லை. போனைச் செருகுவதற்காக மைக் வயரைப் பிடுங்கியிருக்கிறான். “அது அவ குரல் இல்ல! நிறுத்துடா நிதுஷன்!” என்று வெறும் தொண்டையில் கத்தினாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அழுவாத புள்ள, மனச திடப்படுத்திக்க என்றார்கள். அழவில்லை என்று சொல்லி உதறினாள். சோகம் தலைக்கேறிவிட்டது பாவம் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். குழிக்கு அந்தப் பக்கம் மெரினா அதையெல்லாம் பார்த்துக்கொண்டு, கையைத் தொங்கப் போட்டு, நின்றாள்.

அதற்குள் மழை திரண்டு வந்தது. ஜனம் அவசர அவசரமாக வரிசையில் வந்து ஆளுக்கு மூன்று பிடி மண்ணைப் போட்டுவிட்டுக் குடைகளை விரித்தது. கீழே தேத்தண்ணியும் பிஸ்கட்டும் இருந்தன. மெரினா எல்லாருக்கும் முன்னால் மண் போட்டாள். சாமியார் போட்டார், தலைவர் போட்டார். போட்டவர்களெல்லாம் மெரினாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார்கள். அதை அவளுக்குச் சொல்ல வேண்டும், அவள் சொல்வதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிரியந்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மாமா சிவந்த கண்ணோடு வந்தார்.

“கோவிச்சுக்காத பிரியந்தி. உங்கம்மாவோட ஆத்துமாவுக்கு அதுதான் சாந்தி. பாத்தியா, ஊரே அழுதுச்சு.”

“யாரோ ஒருத்தி கத்துனதுக்கு அழுதுச்சு மாமா. இவ சொன்னத ஒருத்தரும் கேக்கல.”

“யாரா இருந்தா என்னா? அழுக வந்துச்சுல்ல.”

அவர் மூக்கைச் சிந்திவிட்டு இறங்கிப் போனார். நிதுஷன் ஸ்பீக்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு, இவர்கள் பக்கம் திரும்பாமலே அவர் பின்னால் போனான்.

குழி வெட்டிய ஆண்டியப்பனும் அவருடைய கூட்டாளியும் மட்டும் மம்பெட்டியோடு சவுக்கு மரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள். மெரினா தலைமாட்டை விட்டு அசையவில்லை. குழிக்குள் பார்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாங்கன்னா, என்றது கை. பழக்க தோஷத்தில் பிரியந்தியின் வாய் திறந்தது.

மெரினா அவளைப் பார்த்தாள். “வாய மூடு. இங்க யாரு இருக்கா கேக்க?”

பிரியந்தி மூடிக்கொண்டாள். மெரினா அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். நீளமாகத்தான் சொன்னாள். சில இடங்களில் கோபமாக, சில இடங்களில் சின்னப்பிள்ளை மாதிரி. வாயால் சொல்ல வேண்டிய வேலை இல்லாததால் முதல்தடவையாகப் பிரியந்தி அந்தக் கைகளைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். மழை இரண்டு பேர் மேலும் பெய்தது.

முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் ஆண்டியப்பன் மெதுவாகக் கிட்டே வந்தார்.

“தங்கச்சி, மூடப் போறோம். நீங்க இன்னும் மண்ணு போடலையே.”

“நானா?”

“எல்லாரும் போட்டாங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். நீங்க போடல.”

பிரியந்தி தன் கைகளைப் பார்த்தாள். ஒரு துளி மண் இல்லை. அவர் என்ன சொல்கிறார் என்று மெரினா கேட்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். குனிந்து, ஈரமண்ணை அள்ளி, கட்டியைப் பிசைந்து உடைத்து, தங்கையின் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தாள்.

பிரியந்தி குழியின் விளிம்பில் நின்றாள். “அம்மா,” என்றாள். சோற்றுக்குக் கூப்பிடுகிற குரல்தான் வந்தது. அதற்குப் பிறகு வந்தது வேறு. “அம்மா!” என்று கத்தினாள். தொண்டை கிழிய, மேலும் மேலும் கத்தினாள்.

கீழே தேயிலைக்கு நடுவில் வளைந்து இறங்கிக்கொண்டிருந்த குடைகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. மெரினா அவள் வாயைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். ஆண்டியப்பன் மம்பெட்டியைத் தூக்கியவர் மறுபடி தரையில் ஊன்றினார். மண்ணெல்லாம் உதிர்ந்து முடிந்த பிறகும் பிரியந்தி இரண்டு கையையும் விரித்தபடியே வைத்திருந்தாள்.